நிஹாரிக்காக ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டுமா?

கேட்டவர் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: போன குளிர்காலத்தில் பழைய டெல்லியில், ஜும்மா மசூதியை ஒட்டிய ஒரு சந்தில் காலை ஏழு மணிக்கு நிஹாரி, அதாவது மெதுவாக வேகவைத்த கெட்டியான கறிக்குழம்பு, சாப்பிட்டிருக்கிறார். ஊருக்கு வந்ததும் பாக்கெட் மசாலா வாங்கி, எங்கோ படித்ததை நம்பிக் கொஞ்சம் கருஞ்சீரகமும் வறுத்துப் பொடித்துச் சேர்த்து, ஆட்டுத் தொடைக்கறியைக் குக்கரில் வைத்தார். குழம்பு தண்ணியாக நின்றது. கோதுமை மாவைக் கரைத்து ஊற்றியதும் கஞ்சியானது. மேலே மிதக்க வேண்டிய சிவப்பு எண்ணெயைக் காணோம். போதாக்குறைக்குக் கசப்பு வேறு. "இது நிஜமாகவே முகலாய அரண்மனைச் சாப்பாடா? ராத்திரி முழுக்க அடுப்பில் வைக்காமல் வீட்டில் செய்யவே முடியாதா?" என்று கேட்கிறார்.

கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும், அவர் தெரிந்துகொள்ள நினைப்பது தன் சட்டியில் எது தப்பிப் போனது என்பதைத்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ராத்திரி விழிக்காததால் எதுவும் கெடவில்லை. கறியின் துண்டு தப்பு. எண்ணெயையும் மாவையும் கையாண்ட வரிசை தப்பு. கசப்புக்குப் பெரும்பாலும் அந்தக் கருஞ்சீரகம்தான் காரணம். நான் கேட்டரிங் படித்துவிட்டு டெல்லியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் ஆறு வருடம் இருந்தவன். அங்கே கறி அடுப்பைப் பார்த்துக்கொண்ட உஸ்தாதிடம் திட்டு வாங்கிக் கற்றதும், பிறகு சென்னையில் வீட்டு அடுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்டதும்தான் கீழே வருவது. சமையல் என் தொழில். சரித்திரம் படித்ததோடு சரி. அதனால் அந்தப் பகுதியில் எது உறுதி, எது கதை என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

பெயரில் குழப்பம் அதிகம் இல்லை. அரபியில் 'நஹார்' என்றால் பகல். உருதுவில் 'நிஹார் மூ' என்றால் வெறும் வயிறு. மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்வதற்கு அங்கே இன்றும் இதுதான் சொல். இரண்டில் எதைப் பிடித்தாலும் விடிந்ததும் முதலில் சாப்பிடுவது என்ற பொருளில் வந்து நிற்கும். 1947 பிரிவினையில் டெல்லியிலிருந்து போனவர்கள் இதைக் கராச்சிக்குக் கொண்டுபோனார்கள் என்பதும் உறுதி. அங்கே பர்ன்ஸ் ரோடு நிஹாரிக்கே பேர் போன தெரு. இன்றைக்கு நிஹாரியைப் பாகிஸ்தானின் தேசிய உணவு என்று சொல்பவர்கள் நிறையப் பேர். டாக்காவில் அதே பெயர் 'நெஹாரி' ஆகி, ஆட்டுக்கால் மாட்டுக்கால் போட்ட பாயா பக்கம் சாய்ந்துவிட்டது. ஹைதராபாத்தில் 'நஹாரி' என்றால் காலும் நாக்கும் போட்டு, மாவு சேர்க்காமல், ரசம் போல நீர்க்க இருப்பது. சார்மினார் பக்கம் விடியற்காலையில் நான்கு மூலை நான் ரொட்டியோடு கிடைக்கும். அதை நான் சாப்பிட்டிருக்கிறேன், சமைத்ததில்லை. அதனால் கீழே சொல்லும் முறையை அதற்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

இனி கதைகள். ஷாஜஹான் கட்டிய புது நகரத்துக்கு வந்த கால்வாய்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் ஜனங்களுக்குச் சளியும் வயிற்றுக் கோளாறும் வந்ததாகவும், அரண்மனை வைத்தியரான ஹக்கீம் ஒருவர் காரமும் மசாலாவும் சேர்த்து இந்தக் குழம்பை மருந்தாக எழுதிக் கொடுத்ததாகவும் டெல்லியில் சொல்வார்கள். லக்னோக்காரர்கள் சொல்வது வேறு. 1784 பஞ்சத்தில் நவாப் ஆசஃப் உத் தௌலா பெரிய இமாம்பாரா என்ற ஷியா மண்டபத்தைக் கட்ட வைத்து ஜனங்களுக்கு வேலை கொடுத்தார், அந்த வேலையாட்களுக்காக ராத்திரி முழுக்கத் தேகு என்ற பெரிய அண்டாக்களில் வெந்ததே இது என்பார்கள். இமாம்பாராவும் பஞ்சமும் உண்மை. ஆனால் அதே இமாம்பாராக் கதையைத் தம் பிரியாணிக்கும் சொல்கிறார்கள், அதே ஹக்கீம் கதையைத் தெருக்கடைச் சாட் வகைகளுக்கும் சொல்கிறார்கள். ஒரே கதை இரண்டு மூன்று பண்டங்களுக்குக் கை மாறினால் நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். அதோடு மிளகாயே போர்ச்சுகீசியர்கள் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் மேற்குக் கரையில் இறங்கி, மெதுவாக வடக்கே ஏறியது. ஆக, நாம் இன்று பார்க்கும் அந்தச் செக்கச்செவேல் நிஹாரி, பிற்காலத்தில் ஏறிய நிறம்.

அரண்மனைச் சாப்பாடா என்றால், எனக்கு அப்படிப் படவில்லை. சட்டியையே பாருங்களேன். அரண்மனைக் குருமாவைக் கெட்டியாக்குவது பாதாம், முந்திரி, தயிர், பாலாடை. நிஹாரியைக் கெட்டியாக்குவது ஒரு கைப்பிடி கோதுமை மாவு. போடுவது கால் சதையும் எலும்பும். நேரம் கொடுத்தால் ஒழிய மெல்லவே முடியாத, அதனாலேயே மலிவான துண்டுகள். அணைந்துகொண்டிருக்கும் கங்கின் மேல் ராத்திரி வைத்துவிட்டு, விடிந்ததும் கூலி வேலைக்குப் போகிறவன் வயிற்றில் மத்தியானம் தாண்டி நிற்கும்படி கொடுப்பது. ஜும்மா மசூதி பக்கம் 1913இல் தொடங்கிய கரீம்ஸ் மாதிரி இடங்கள் தங்கள் வம்சத்தை அரண்மனைச் சமையல்காரர்களோடு சேர்த்துச் சொல்வதுண்டு. பெரிய வீடுகளிலும் நிஹாரியைச் சாப்பிட்டிருப்பார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் செய்முறையில் தெரிவது உழைக்கிறவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் கறிக்கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். தொடைக்கறி வேண்டாம். தொடையில் தசை அதிகம், நார் குறைவு. நேரம் நீடித்தால் பஞ்சாகப் பிரிந்து வறண்டுபோகும். நிஹாரிக்கு வேண்டியது முழங்காலுக்குக் கீழே இருக்கும் சதை. அந்தச் சதையில் வெள்ளை வெள்ளையாகச் சவ்வு ஓடும். அதுதான் கொலாஜன். எழுபது எண்பது டிகிரியில் பல மணி நேரம் கிடந்தால் அது கரைந்து ஜெலட்டினாகிவிடும். நிஹாரி சாப்பிட்டதும் உதடுகள் லேசாக ஒட்டிக்கொள்கிறதே, அது இந்த ஜெலட்டின். மாவு கெட்டியைத்தான் கொடுக்கும், இந்த ஒட்டலைக் கொடுக்காது. டெல்லிக் கறிக்கடையில் இந்தச் சதைக்கு 'மச்லி' என்று பேர், மீன் என்று பொருள். இரண்டு பக்கமும் குறுகி நடுவில் உருண்டு இருப்பதால். நாமும் கெண்டைக்கால் என்கிறோம். உஸ்தாத் 'மச்லி' என்று காட்டிய அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எங்கள் ஊரிலும் காலில் மீன்தான் என்றேன். மாட்டிலோ எருமையிலோ அதே இடத்துச் சதையை 'போங்' என்பார்கள். டெல்லியில் 1994இலிருந்து சட்டப்படி மாடு வெட்டக் கூடாது. அங்கே கடைகளில் 'படே கா' என்று கிடைப்பது எருமை.

நம் ஊரில் ஆட்டுக்கறி வாங்குபவர் "முட்டிக்குக் கீழே இருக்கிற கால் சதை, எலும்போட, பெரிய துண்டாப் போடுங்க, கூட ரெண்டு மூணு நல்லி எலும்பு" என்று கேட்டால் போதும். நல்லி என்ற சொல்லை மாற்றவே வேண்டாம். அங்கேயும் அது நல்லிதான். துண்டுகள் உள்ளங்கை அளவு இருக்கட்டும். குழம்புக்கறி மாதிரி சின்னதாக நறுக்கினால் கடைசியில் சட்டியில் கறியைத் தேட வேண்டியிருக்கும். மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் அதிலேயே செய்யுங்கள். மூல ருசிக்கு அதுதான் கிட்டே.

மசாலாவில் மூக்குக்கு முதலில் எட்ட வேண்டியது சோம்பு. அடுத்து சுக்கு. அதற்கும் பின்னால் தொண்டையில் மெதுவாக ஏறும் ஒரு காரம் இருக்கிறதே, அது திப்பிலி. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் நிஹாரியில் உண்டு. நம் திரிகடுகம் அப்படியே சட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஹக்கீம் கதை ஏன் பிறந்திருக்கும் என்று இதை முகர்ந்தாலே தெரியும். மழைநாளில் பாட்டி கொடுத்த கஷாயத்துக்கும் இதற்கும் சொந்தம் உண்டு. கூடவே பெரிய ஏலக்காய், சின்ன ஏலக்காய், கிராம்பு, பட்டை, ஜாதிபத்திரி, கொஞ்சம் ஜாதிக்காய், சீரகம், ஷாஜீரா.

கசப்பு இந்த ஷாஜீராவில்தான் நுழைந்திருக்கும். இந்திக்காரர்கள் 'காலா ஜீரா' என்று எழுதுவதைச் சிலர் அப்படியே கருஞ்சீரகம் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ஷாஜீரா என்பது சீரகம் மாதிரியே ஒல்லியாக, நீளமாக, பழுப்பாக, லேசாக வளைந்திருக்கும். பிரியாணிக்குப் போடுவது. நம் கருஞ்சீரகம் கோணக்கோணலாக, மை மாதிரி கருப்பாக இருக்கும். அது வேறு செடி, இயல்பிலேயே கசப்பு, வறுத்துப் பொடித்தால் இன்னும் கசக்கும். நாட்டு மருந்துக் கடையில் "கருப்புச் சீரகம்" என்று கேட்டால் இதைத்தான் பொட்டலம் கட்டுவார்கள். ஷாஜீரா கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது. கசப்புக்கு இன்னொரு வழி, கொதிக்கும் எண்ணெயில் மிளகாய்த்தூளை அப்படியே கொட்டிக் கருக விடுவது. பொடிகளை ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்துத்தான் எங்கள் உஸ்தாத் எண்ணெயில் விடுவார். அவசரத்தில் ஒரு நாள் நான் உலர்ந்த பொடியாகவே போட்டேன். பத்து நொடி இருக்காது. கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் குப்பையில் கவிழ்த்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

சரி, அளவு. கால் சதை ஒரு கிலோ, நல்லி எலும்பு அரை கிலோ. சோம்பு இரண்டு மேஜைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, திப்பிலி நான்கு, கிராம்பு ஆறு, சின்ன ஏலக்காய் ஐந்து, பெரிய ஏலக்காய் இரண்டு, ஒரு விரல் பட்டை, ஜாதிபத்திரி ஒரு இதழ், ஜாதிக்காயைச் சுரண்டினால் ஒரு சிட்டிகை. இவற்றை வெறும் வாணலியில் கை பொறுக்கும் சூட்டுக்குக் காட்டி, நிறம் மாறுவதற்கு முன்னாலேயே இறக்கி, சுக்குப்பொடி ஒன்றரை தேக்கரண்டி சேர்த்து நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேஜைக்கரண்டி பொடியைத் தனியே எடுத்து வையுங்கள், அது கடைசிக்கு. நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒன்றரை மேஜைக்கரண்டி, மல்லித்தூள் ஒரு மேஜைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி. தக்காளி கிடையாது, தேங்காய் கிடையாது. கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

அடிகனமான குக்கரில் 150 மில்லி எண்ணெயும் நெய்யும் பாதிப் பாதியாகக் காயவைத்து, ஒரு பெரிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்து எடுத்துவிடுங்கள். அதே எண்ணெயில் மூன்று மேஜைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, பச்சை வாசனை போனதும் கறியும் எலும்பும். கறி தன் தண்ணீரை விட்டு அது வற்றும் வரை கிளறுங்கள். பிறகுதான் தண்ணீரில் குழைத்த பொடிகள், உப்பு, எண்ணெய் பிரிந்து வந்ததும் ஒன்றேகால் லிட்டர் வெந்நீர். குக்கரில் ஆவி அதிகம் போகாது. ஊற்றிய தண்ணீர் கிட்டத்தட்ட அப்படியே உள்ளே இருக்கும். இரண்டரை லிட்டர் ஊற்றச் சொல்லும் குறிப்புகள் திறந்த தேகுக்கானவை. உங்கள் குழம்பு தண்ணியானதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

குக்கருக்குள் சூடு கிட்டத்தட்ட 120 டிகிரி. ராத்திரி முழுக்கக் கங்கின் மேல் நடப்பது இங்கே முக்கால் மணி நேரத்தில் நடந்துவிடும். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, ஆட்டுக்கறிக்கு 25 முதல் 30 நிமிடம், மாடு அல்லது எருமைக்கு 45 முதல் 50 நிமிடம். விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றாமல் தானாக அடங்க விடுங்கள். திடீரென்று அழுத்தம் இறங்கினால் உள்ளே எல்லாம் கொந்தளித்துக் கறி பிய்ந்துவிடும், கொழுப்பும் குழம்போடு கலங்கிவிடும்.

மூடியைத் திறந்ததும் கரண்டி போட்டுக் கிளறாதீர்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுகிறார்கள். பத்து நிமிடம் சும்மா விட்டால் சிவப்பு எண்ணெய் முழுக்க மேலே வந்து நிற்கும். ரோகன் என்பது அதுதான். அதைக் குழிக்கரண்டியால் மொண்டு மொண்டு ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். எண்ணெய் இருக்கும்போதே மாவை ஊற்றினால் மாவு அதைப் பிடித்து உள்ளே கலந்துகொள்ளும். அப்புறம் நீங்கள் எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அது மேலே வராது. நீங்கள் பார்த்த கஞ்சி அப்படி உருவானதுதான். எண்ணெயை எடுத்தபின் கறியையும் எலும்பையும் பதமாகத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

ஐந்து மேஜைக்கரண்டி கோதுமை மாவை வெறும் வாணலியில் லேசாக வாசம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டு, ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். சந்தேகமிருந்தால் வடிகட்டியில் ஊற்றுங்கள். அடுப்பைச் சிம்மில் வைத்து, ஒரு கையால் நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே மறு கையால் விடாமல் கிளற வேண்டும். ஊற்றியதும் கெட்டியாகவில்லையே என்று இன்னும் மாவு கரைக்கப் போகாதீர்கள். அது திரள ஐந்து பத்து நிமிடம் பிடிக்கும். பதம் எது என்றால், கரண்டியின் பின்பக்கம் குழம்பு ஒட்டி, விரலால் கோடு போட்டால் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். இப்போது கறியைத் திரும்பப் போட்டு, பழைய தோசைக்கல் ஒன்றை அடுப்பில் வைத்து அதன் மேல் சட்டியை ஏற்றி, மூடி போட்டு முக்கால் மணி நேரம். தோசைக்கல் இல்லாவிட்டால் மாவு அடிப்பிடிக்கும், அந்தத் தீய்ந்த வாசனையை எதுவும் மறைக்காது. மாவின் பச்சை ருசி போவதும் இந்த முக்கால் மணி நேரத்தில்தான். இறக்கும்போது எடுத்து வைத்த மசாலாப் பொடியைத் தூவி, ரோகனைத் தனியே சுடவைத்து மேலே ஊற்றுங்கள். ஊற்றியபின் கிளறக் கூடாது.

இப்படி எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் மணி நேரம். ராத்திரிச் சமையலோடு ஒப்பிட்டால் ருசி ஒன்றேதானா என்றால், இல்லை. கங்கில் கிடந்த தேகில் ஒரு ஆழம் வரும். புகையும் மெதுவான வற்றலும் குக்கரில் கிடைக்காது. நூற்றுக்கு எண்பத்தைந்து கிடைக்கும் என்பது என் கணக்கு. மிச்சத்துக்காகச் சிலர் செய்வது எனக்குப் பயமாக இருக்கிறது: ராத்திரி கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, மூடி காலையில் திறப்பது. வெந்த கறியில் சாகாமல் தப்பும் கிருமி வித்துகள் உண்டு. சட்டி அறுபது டிகிரிக்குக் கீழே மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். பெரிய சட்டியில் செய்த குழம்பு கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். அடுப்பு விடிய விடிய எரிந்து சட்டி சுடச்சுட இருந்தால் பரவாயில்லை. அணைத்துவிட்டீர்களென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் சின்னச் சின்னப் பாத்திரங்களில் மாற்றி ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். பழைய டெல்லிக் கடைகள் சிலவற்றில் நேற்றைய சட்டியில் கொஞ்சம் மிச்சம் வைத்து இன்றைய சட்டியில் சேர்ப்பார்கள், 'தார்' என்று பேர். நூறு வருடமாக விடாமல் தொடர்கிறது என்று சொல்லிக்கொள்ளும் கடைகளும் உண்டு. நூறு வருடம் என்பதைக் கடைக்காரர் சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பே அணையாத கடைக்கு அது சரிப்படும். வாரத்துக்கு ஒரு நாள் கறி எடுக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

சாப்பிடும்போது மேலே வறுத்த வெங்காயம், குச்சி குச்சியாக நறுக்கிய இஞ்சி, பச்சை மிளகாய், மல்லித்தழை, எலுமிச்சை. டெல்லியில் புளித்த மாவில் சுடும் கமீரி ரொட்டி, லக்னோ சௌக்கில் குல்ச்சா ரொட்டி, கராச்சியில் நான் ரொட்டி. நம் வீட்டுக்கு மிருதுவான பரோட்டா சரியாக இருக்கும், சப்பாத்தி கொஞ்சம் மெலிசு. இட்லியோடு தொட்டுப் பார்த்திருக்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், நன்றாகவே இருந்தது. நல்லியை உறிஞ்ச வெட்கப்பட்டால் தட்டில் தட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் குழம்பு அல்வா மாதிரி உறைந்திருக்கும். கெட்டுப்போனதாக நினைத்துவிடாதீர்கள், கால் சதையைச் சரியாக வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மேலே உறைந்த ரோகனை முதலில் வழித்து எடுத்துவிட்டு, அரை டம்ளர் வெந்நீர் விட்டுச் சிம்மில் நன்றாகக் கொதிக்கவிட்டு, கடைசியில் எண்ணெயைத் திரும்ப ஊற்றுங்கள்.